ஆள் எங்கே என்று கேட்டவர்கள்

1976 மார்ச் 1, பொழுது விடியாத நேரம். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி விடுதிக்கு வந்த போலீசார் இறுதியாண்டு மாணவர் ராஜனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிப்ரவரி 28ஆம் தேதி காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கியிருந்தார்கள். அதற்கான விசாரணை முகாம் கக்கயத்தில் நடந்துகொண்டிருந்தது. ராஜனை அங்கேதான் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

கல்லூரி முதல்வர் அப்போது ஒரு சிறிய காரியம் செய்தார். உங்கள் மகனைப் போலீஸ் பிடித்துப் போயிருக்கிறது என்று ராஜனின் தந்தைக்குக் கடிதம் எழுதினார். நெருக்கடிநிலை அமலில் இருந்த காலம் அது. எழுதாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு வருடம் கழித்து, கேரள அரசே "அப்படி யாரையும் நாங்கள் கைது செய்யவில்லை" என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னபோது, சம்பவம் நடந்த சமயத்திலேயே எழுதப்பட்ட அந்தக் கடிதம் பேசியது.

இந்தியாவில் மனித உரிமைக்காக நின்றவர்களின் வரலாற்றைப் பெரும்பாலும் பேச்சாகவும் போராட்டமாகவும் சொல்கிறோம். அதன் பாதி, காகிதத்தின் வரலாறு. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்பதைப் போலீஸ் எழுதுவதற்கு முன்னால் எழுதி வைத்தவர்களின் வரலாறு. இன்று ஒருவரைக் கைது செய்யும்போது கைது மெமோ போட வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதென்றால், ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் இப்படி ஓர் ஆள் இருக்கிறார்.

ராஜனின் தந்தை டி.வி. ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியர். கடிதம் கிடைத்ததும் கல்லூரிக்கு வந்தார், விடுதி மாணவர்களிடம் விசாரித்தார், கக்கயம் முகாம் வாசல்வரை போனார். உள்ளே விடவில்லை. பிறகு எழுதத் தொடங்கினார். உள்துறைச் செயலாளர், முதலமைச்சர், குடியரசுத் தலைவர், பிரதமர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று மனு மேல் மனு. பதில் வராது என்று தெரிந்தே எழுதினாரோ என்னவோ, ஆனால் ஒவ்வொரு மனுவும் தேதியோடு ஒரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போனது.

நீதிமன்றத்துக்கு ஏன் உடனே போகவில்லை? கதவு சாத்தப்பட்டிருந்தது. 1975 ஜூன் 27 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, அரசியலமைப்பின் 14, 21, 22ஆம் பிரிவுகளை (சமத்துவம், உயிரும் தனிமனிதச் சுதந்திரமும், கைதானவருக்கான பாதுகாப்பு) வைத்து நீதிமன்றத்தை அணுகும் உரிமையை நிறுத்திவைத்தது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், ஆணை இருந்தாலும், அடைத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஜபல்பூர் வழக்கு என்று எல்லோரும் சொல்லும் அந்த விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலிடம் ஒன்று கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால், அதற்கும் பரிகாரம் கிடையாதா? நெருக்கடிநிலை நீடிக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரான எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். அவர் எழுதியதுதான் சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆகஸ்ட் வரை ஆனது.

கன்னா அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு கற்பனையான போலீஸ்காரரை வைத்து. தீர்ப்பு வந்த நேரத்தில் ராஜன் உயிரோடு இல்லை.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. அதே மாதம் ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். நெருக்கடிநிலைக் காலத்தில் உள்துறை அமைச்சராக இருந்த கே. கருணாகரன் அந்த வாரத்தில்தான் முதலமைச்சர் ஆகியிருந்தார். அரசுத் தரப்பு எதிர்மனுக்கள் எல்லாம் ஒரே மாதிரி: ராஜனைக் கைது செய்யவே இல்லை.

ஆட்கொணர்வு வழக்குகளில் ஆள் காணாமல் போவதற்கு அடுத்தபடியாகக் காணாமல் போவது இந்தப் புள்ளிதான். ஆள் காவலில் இருந்தார் என்பதையே நிறுவ முடியாவிட்டால் மீதி எதுவும் தொடங்காது. பல வழக்குகளில் போலீஸ் மறுத்ததும் "காணாமல் போனவரைத் தேடுங்கள்" என்று ஓர் உத்தரவோடு மனு முடிந்துவிடும். ராஜன் வழக்கு அப்படி முடியாததற்குக் காரணம், அவரைப் பிடித்தது நூற்றுக்கணக்கானவர்கள் தங்கும் விடுதியில். பார்த்த மாணவர்கள் இருந்தார்கள். முதல்வரின் கடிதம் இருந்தது. கக்கயம் முகாமில் அடைக்கப்பட்டு உயிரோடு வெளியே வந்தவர்கள், உள்ளே ராஜனைப் பார்த்ததைச் சொன்னார்கள். பிடித்த இடம், தெரிவித்த காகிதம், அடைத்த இடம் மூன்றும் தனித்தனி ஆட்கள் வழியாக வந்து ஒன்றோடொன்று பொருந்தின. நீதிபதிகள் பி. சுப்பிரமணியன் போற்றியும் வி. காலிதும் ராஜன் காவலில் எடுக்கப்பட்டது உண்மை என்று முடிவு செய்து, ஏப்ரல் 21க்குள் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்த ஆள் இல்லை. ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். 1976 மார்ச் 2ஆம் தேதியே, அதாவது பிடித்த மறுநாளே, முகாமில் ராஜன் இறந்துவிட்டார் என்பது பிறகு வெளியே வந்தது. பெஞ்சில் கட்டிப் போட்டுத் தொடை மேல் கனமான மரக்கட்டையை உருட்டும் சித்திரவதை. மலையாளத்தில் உருட்டல் என்பார்கள்.

உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. குற்ற வழக்கு கோயம்புத்தூரில் நடந்தது. கீழ்நீதிமன்றம் சில அதிகாரிகளுக்குக் கொடுத்த சிறைத்தண்டனையும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஆட்கொணர்வு மனு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஒரு முதலமைச்சரை அது இறக்கியது. ஆளையும் மீட்கவில்லை, கொன்றவர்களையும் உள்ளே வைக்கவில்லை. ஈச்சர வாரியர் 2006இல் இறக்கும்வரை, மகனை என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

சிறைக்குள்ளிருந்து ஒரு கடிதம்

அடுத்த பத்து ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் நிறைய மாறியது. நீதிபதிகளின் மனமாற்றம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். அவர்கள் மேசைக்கு வந்த காகிதம் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டெல்லி திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தன் தண்டனையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியிடம் பணம் பிடுங்குவதற்காக ஒரு தலைமை வார்டர் அவரைக் கொடூரமாகத் தாக்கியதைப் பற்றி எழுதியிருந்தார். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. இரண்டு வழக்கறிஞர்களை நியமித்துச் சிறைக்கே அனுப்பி, கைதியையும் ஆவணங்களையும் பார்க்க வைத்தது. 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, ஆட்கொணர்வு மனு சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, சட்டப்படி அடைக்கப்பட்டு உள்ளே வதைக்கப்படுபவருக்கும் உண்டு என்றது.

அந்தக் கடிதம் வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. "இங்கே கொடுமை நடக்கிறது" என்று பொதுவாக எழுதியிருந்தால் அது சிறைத்துறைக்கு அனுப்பப்பட்டு, "விசாரித்தோம், உண்மையில்லை" என்ற பதிலோடு கோப்பில் உறங்கியிருக்கும். பத்ரா எழுதியது ஒரு கைதி, ஒரு வார்டர், உடலில் ஒரு காயம். போய்ப் பார்த்தால் தெரியும் விஷயம்.

பீகார் சிறைகளில் கதை வேறு. எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவராக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி, தேசியப் போலீஸ் ஆணையத்தின் உறுப்பினராகச் சிறைகளுக்குப் போய்விட்டு, 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். சிலர் மீதான குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அவ்வளவு காலத் தண்டனை கிடைத்திருக்காது. டெல்லியில் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அதைப் படித்தார். ஆனால் அவருக்குக் கட்சிக்காரர் யார்? கைதிகள் யாரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடவில்லை, அவரை அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அப்படியிருந்தும் மனு போட்டார். செய்தியில் இடம்பெற்ற கைதிகளில் ஒருவரான ஹுசைனாரா காத்தூன் பெயரில்தான் இன்றும் அந்த வழக்கு அறியப்படுகிறது.

அந்த வழக்கில் உண்மையாக வேலை செய்தது ஒரு பட்டியல். எந்தச் சிறையில், எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று ஆண்டுவாரியாகக் கணக்கு தரச் சொன்னது நீதிமன்றம். உள்ளே வந்த தேதி ஒரு பத்தி, அந்தப் பிரிவுக்கு உச்சபட்சத் தண்டனை இன்னொரு பத்தி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாதமே தேவையில்லை. ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பின்னாளில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436ஏ பிரிவாக நுழைந்தது இதே கணக்குத்தான்: உச்சபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 479ஆம் பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது.

கபிலா ஹிங்கோரானி நடத்திய இன்னொரு வழக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ருதுல் ஷா என்பவர் 1968 ஜூன் 3 அன்று விடுதலை செய்யப்பட்டார். தீர்ப்பில் மட்டும். சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபர் 16. பதினான்கு ஆண்டுகள். பைத்தியம் பிடித்திருந்தது, அதனால் வைத்திருந்தோம் என்றது அரசு. யார் பரிசோதித்தார், எந்த மருத்துவக் குறிப்பு என்று கேட்டால் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அவரை வெளியே விட்டுவிட்டார்கள். வழக்கமாக இத்தோடு ஆட்கொணர்வு மனு செத்துவிடும்: ஆள்தான் வந்துவிட்டாரே. ஆனால் மனுவில் விடுதலையோடு மறுவாழ்வும் இழப்பீடும் கேட்கப்பட்டிருந்தன. 1983 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாய் போக 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தொகை அற்பம்தான். ஆனால் அடிப்படை உரிமையைப் பறித்ததற்காக அரசு பணம் கொடுக்க வேண்டும் என்று ஆட்கொணர்வு வழக்கிலேயே சொல்லப்பட்டது அங்கேதான்.

காத்தூன் வழக்கை விசாரித்தவர் பி.என். பகவதி. ருதுல் ஷா தீர்ப்பை எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட். ஜபல்பூர் வழக்கில் கதவைச் சாத்திய நால்வரில் இருவர்.

கடித்து அறுத்த கயிறு

1987 டிசம்பர் 1, காலை எட்டு மணி. ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் 22 வயது சுமன் பெஹராவைத் திருட்டு வழக்கு விசாரணைக்காக ஜராய்கேலா புறக்காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குத் தப்பி ஓடினார், ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ்.

தாய் நீலாபதி பெஹரா 1988 செப்டம்பர் 14 தேதியிட்ட கடிதம் ஒன்றை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அது ரிட் மனுவானது. மாவட்ட நீதிபதி விசாரித்தார். கைதி தப்பினால் போலீஸ் தேடும். தேடியதற்கான நம்பும்படியான சான்று எதுவும் இல்லை. ரயிலில் அடிபட்ட உடலில் இருக்க வேண்டிய காயங்களும் இந்த உடலில் இருந்த காயங்களும் ஒத்துப்போகவில்லை என்பது மருத்துவச் சாட்சியத்தில் வந்தது. காவலில் இருந்தவர் எப்படி இறந்தார் என்று சொல்லும் பொறுப்பு காவலில் வைத்தவருடையது என்று 1993 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்து 1,50,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

லாக்கப் மரணங்களில் போலீஸ் சொல்லும் கதைகளுக்கு ஒரு தொகுப்பு போடலாம். தப்பி ஓடினார், தூக்கில் தொங்கினார், நெஞ்சுவலி, கழிவறையில் வழுக்கி விழுந்தார். இவற்றை மறுக்கக் குடும்பத்தால் முடியாது, ஏனென்றால் உள்ளே நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அவர்களால் நிறுவ முடிந்தது ஒன்றுதான்: இத்தனை மணிக்கு நல்ல உடம்போடு கூட்டிப் போனார்கள். அந்த ஒரு வரியை நீலாபதியால் நிறுவ முடிந்தது. மீதியை விளக்கும் சுமை அரசின் தலையில் விழுந்தது.

11 கட்டளைகள்

1986 ஆகஸ்ட் 26 அன்று மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவர் டி.கே. பாசு, இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். உறையில் பத்திரிகைக் கத்தரிப்புகள்: அந்த ஜூலை, ஆகஸ்டில் வெளிவந்த லாக்கப் மரணச் செய்திகள். தனி ஒரு வழக்கு என்று இல்லாமல், இப்படியே நடந்துகொண்டிருக்கிறது, இதற்கு ஒரு முறை வகுக்க வேண்டும் என்று கேட்டார். தீர்ப்பு வர பத்து ஆண்டுகள் ஆயின: 1996 டிசம்பர் 18. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் அதில் வகுத்த 11 கட்டளைகளைப் படித்தால், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய பொய்யை அடைக்கும் ஆணி என்பது தெரியும்.

கைது செய்பவர் பெயரும் பதவியும் தெரியும் பட்டை அணிய வேண்டும். யார் விசாரித்தார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். "யார் கூட்டிப் போனார்கள் என்று தெரியாது" என்பதற்கு இது பதில். கைது செய்யும் நேரத்திலேயே மெமோ, அதில் தேதி, நேரம், குடும்பத்தவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து. ராஜன் வழக்கில் ஒரு வருடம் போராடி நிறுவியதை ஒரு தாளில் அடக்கியது இது. உறவினருக்குத் தகவல், அவர் வேறு மாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி வழியாக. கேட்டால், பெரிய காயம் சிறிய காயம் எல்லாவற்றையும் குறித்த உடல் ஆய்வு மெமோ, இருவர் கையெழுத்தோடு, நகல் கைதானவருக்கு. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. எல்லா ஆவண நகலும் மாஜிஸ்திரேட்டுக்கு. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதி, முழு நேரமும் இல்லை என்றாலும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 12 மணி நேரத்துக்குள் தகவல், அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மீறினால் துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும்.

இவற்றில் பல 2010 நவம்பரில் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே வந்தன. இப்போதைய சன்ஹிதாவில் கைது மெமோ 36ஆம் பிரிவு, காரணம் சொல்வது 47, உறவினருக்குத் தகவல் 48, மருத்துவப் பரிசோதனை 53, 24 மணி நேர வரம்பு 58. காவலில் மரணம் நேர்ந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை 196.

இத்தனை இருந்தும் எங்கே தவறுகிறது? மெமோவில் எழுதும் நேரத்தில். திங்கள் இரவு வீட்டிலிருந்து "சும்மா விசாரணைக்குத்தான், அனுப்பிடுவோம்" என்று கூட்டிப் போவார்கள். மெமோவில் புதன்கிழமை மாலை, பேருந்து நிலையம் அருகே சந்தேகப்படும்படி நின்றவர் என்று இருக்கும். சட்டத்தின் 24 மணி நேரக் கடிகாரம் புதனில்தான் ஓடத் தொடங்குகிறது. இடையில் இருக்கும் இரண்டு நாளும் யார் கணக்கிலும் இல்லை. அடி விழுவது அந்த இரண்டு நாளில். வெற்றுத்தாளில் கையெழுத்து, முன்பே பூர்த்தி செய்த மெமோவில் கையெழுத்து, உறவினர் இடத்தில் போலீசுக்கு வழக்கமாகக் கையெழுத்துப் போடும் ஒருவர் என்பதெல்லாம் இந்த ஒரு பொய்யைத் தாங்கிப்பிடிக்கத்தான்.

ஆட்கொணர்வு மனுவின் பலவீனமும் இங்கேதான். மனு பட்டியலுக்கு வருவதற்குள் ஆளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட், அதாவது காவலில் வைக்கும் உத்தரவு, வாங்கிவிட்டால், இப்போது அவர் இருப்பது நீதிமன்ற உத்தரவின் பேரில். மனு பெரும்பாலும் முடித்துவைக்கப்படும். ஆகவே அனுபவப்பட்ட வழக்கறிஞர்கள் மனுவுக்கு முன்பே ஒரு வேலை செய்வார்கள். அந்தக் காலத்தில் அது தந்தி. ஆளைத் தூக்கினார்கள் என்று தெரிந்ததும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.), உள்துறைச் செயலாளர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி என்று தந்தி பறக்கும். தந்தியைப் படித்து யாரும் உடனே ஓடி வரப்போவதில்லை. வேண்டியது தந்தி அலுவலகம் தரும் ரசீது. திங்கள் இரவு 10.40க்குத் தந்தி அடித்தவர், புதன் மாலை நடக்கப்போகும் கைதை எப்படி முன்கூட்டியே அறிந்தார்? அந்தக் கேள்விக்குப் போலீசிடம் பதில் இருக்காது. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. பாசு தீர்ப்பில் அந்தச் சொல் மட்டும் இருக்கிறது.

இன்று அந்த இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது, 112 என்ற அவசர எண் அழைப்பு இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் அனுப்பும் நான்கு வரி மின்னஞ்சல், பத்து நாள் கழித்து எழுதும் நாற்பது பக்க மனுவைவிட வலுவானது. அதில் இருக்க வேண்டியவை: ஆளின் பெயர், வயது, எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வந்தார்கள், சீருடையா சாதா உடையா, வண்டி எண், முழுதாகத் தெரியாவிட்டால் கடைசி நான்கு எண், பார்த்தவர் யார், போகும்போது உடம்பில் காயம் எதுவும் இல்லை என்ற வரி. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எஸ்.பி.க்கு, பகுதி மாஜிஸ்திரேட்டுக்கு, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. உணர்ச்சி வேண்டாம், வசவு வேண்டாம். பார்க்காத, கேள்விப்படாத ஒன்றைச் சேர்த்து எழுதுவதும் ஆபத்து. ஒரு விவரம் பொய்யென்று போனால் மீதி ஒன்பது விவரத்தையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அரசு மருத்துவமனை வரும். உடன் நிற்பவர் அடித்த அதே காவலராக இருந்தால், "கீழே விழுந்துட்டேன்" என்றுதான் வாய் வரும். அது மருத்துவமனையில் காயங்களைக் குறிக்கும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால் அப்புறம் அழிப்பது பெரும்பாடு. எப்போது, யாரால், எதைக்கொண்டு என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அங்கே முடியாமல் போனால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரிமாண்ட் நேரத்தில் புகார் உண்டா என்று கேட்பது அவர் கடமை. அங்கேயும் பயம் வாயை அடைத்தால், சிறையில் சேர்க்கும்போது நடக்கும் உடல் பரிசோதனை கடைசி வாய்ப்பு. சிறை அதிகாரி காயத்தோடு வருபவரைக் காயம் என்று எழுதாமல் பெரும்பாலும் வாங்கிக்கொள்ள மாட்டார், ஏனென்றால் நாளைக்கு அது தன் தலையில் விடியும் என்று அவருக்குத் தெரியும். இந்தச் சுயநலம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் பதிவாகும், ஒலியும் பதியும் கேமராக்கள் வைக்கச் சொன்னது. வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, கழிவறைக்கு வெளிப்புறம், கட்டடத்தின் பின்பக்கம் என்று இடம் இடமாகச் சொன்னது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா இருந்தால் போதாது என்பதை அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையம் காட்டியிருந்தது.

2020 ஜூன் 19 இரவு அந்த நிலையத்தில் அடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டிக் கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் கேமரா பதிவைக் கேட்டார். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழியும்படி அமைத்திருந்தார்கள். 19ஆம் தேதி இரவு அதில் இல்லை.

இருந்தவர் தலைமைக் காவலர் ரேவதி. அன்றிரவு பணியில் இருந்தவர். விடிய விடிய அடித்ததையும், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை படிந்திருப்பதையும், அவற்றை அழித்துவிடுவார்கள், சீக்கிரம் கைப்பற்றுங்கள் என்பதையும் நடுவரிடம் சொன்னார். சொன்னதைத் தட்டச்சு செய்து நீட்டியபோது கையெழுத்துப் போடத் தயங்கினார். வெளியே அவருடைய சக காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நடுவர் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, வாங்கிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது.